வெளுப்பதில் வல்லது எது?

திங்கட்கிழமை பிள்ளை அணியவேண்டிய வெண்ணிறச் சீருடையில் தேநீர்க் கறை படிந்திருப்பின், எந்தத் தாயின் மனந்தான் பொறுக்கும்? கறை போக்க நாம் நாடும் பொருள்களின் குணத்தை முதலில் அறிதல் நன்று.

வேகத்திற் சிறந்தது குளோரின் திரவம். குளோரின் துணியை வெளுக்கும் என்பதை 1785இல் பிரான்சிய அறிஞர் பெர்தொலே எடுத்துக்காட்டினார். இத்திரவம் குளிர்நீரிலேயே வெள்ளைப் பருத்தியை வெளுக்கும். ஆனால் பட்டையும் கம்பளியையும் அரித்துவிடும், சாயத்தைப் போக்கிவிடும், இரும்புக் கறையையோ மேலும் அழுத்தமாக்கும். அளவு மீறினால் பருத்தியும் நைந்துபோகும்.

ஒட்சிசன் வெளிற்றும் தூள் நிதானமானது. சுடுநீரிற் கரைத்துச் சில மணி நேரம் ஊறவிட்டால் தேநீர்க் கறை மங்கும். பெரும்பாலான சாயத் துணிகளுக்கும் தீங்கில்லை. பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் ஆகாது.

நீலம் வெளிற்றும் பொருளன்று. அது மஞ்சள் நிறத்தைக் கண்ணுக்கு மறைக்குமேயன்றிக் கறையை நீக்காது.

ஆகவே, அன்றாடச் சீருடைக்குத் தூளே ஏற்றது. பிடிவாதமான கறைக்கு மட்டும் குளோரின் திரவத்தை, போத்தலிற் குறித்த அளவுப்படி நீர் கலந்து பயன்படுத்துவோம்.

இன்னுமொன்று: இரண்டு சேர்ந்தால் இரட்டிப்புப் பலன் என்றெண்ணி, குளோரின் திரவத்துடன் வினாகிரியையோ, தேசிக்காய்ச் சாற்றையோ, மலகூடம் கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலத்தலாகாது. உடனே நச்சுவாயு கிளம்பும். அமோனியா சேர்ந்தாலும் ஆபத்தே. துணியின் வெண்மைக்காக உயிருக்கு ஊறு தேடலாமா?