ராவி நதிக்கு அக்கரையில்

குருநானக் தமது இறுதிக் காலத்தில் ஏர் பிடித்து உழுது வாழ்ந்த ஊர் கர்த்தார்பூர். 1539-ம் வருஷம் அங்கேயே அவர் பரகதி அடைந்தார். எரிப்பதா, புதைப்பதா என்று ஹிந்துக்களும் முஸ்லிம்களும் வாதித்தனராம். போர்வையை நீக்கியபோது புஷ்பங்களே இருந்தன என்பது ஐதிகம். ஆதலால் அவ்வாலயத்தில் சமாதியும் உண்டு. வெளிமுற்றத்தில் கபரும் உண்டு.

1947-ல் தேசம் பிளவுபட்டபோது இந்த க்ஷேத்திரம் பாகிஸ்தானுக்குள் அடங்கிற்று. எல்லையிலிருந்து நாலரைக் கிலோமீட்டர்தான்; ஆயினும் நெடுங்காலம் பக்தர்கள் இக்கரையிலுள்ள டேரா பாபா நானக்கில் நின்று, தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாகவே தரிசித்தனர். 2019 நவம்பர் 9-ந் தேதி தனிப்பாதை திறந்தது.

அடுத்த மாதமே நாம் சென்றோம். விசா வேண்டியதில்லை, பாஸ்போர்ட்டும் 20 அமெரிக்க டாலர் கட்டணமும் வேண்டும். (உழுதுண்டு ஊருக்குச் சோறிட்ட மகானின் வாசலில் கட்டணமா!) லங்கரில் தரையில் அமர்ந்து ரொட்டியும் பருப்பும் உண்டோம். அருகிருந்த சீக்கியப் பெரியவர் பிரிவினையின்போது எட்டு வயதுச் சிறுவராக எல்லை கடந்தவர். குருவின் கிணற்று நீரைப் புட்டியில் நிரப்பிக்கொண்டு, எதிரே விரிந்த வயலையே நோக்கியிருந்தார். “எங்கள் ஊர் இங்கிருந்து ஒரு நாள் நடை, அங்கே போக அநுமதி இல்லை” என்றார். அந்திக்குள் யாவரும் திரும்பியாக வேண்டும் என்பது விதி.

2020 மார்ச்சில் கொள்ளைநோயினால் மூடப்பட்ட அப்பாதை, 2021 நவம்பரில் திறந்து, 2025 மே மாதத்தில் மீண்டும் அடைக்கப்பட்டது.