ஆர் 80: நோயா, குறிப்பா?

ஊரிலிருந்து அம்மா போனில் அப்பாவின் டிஸ்சார்ஜ் தாளைப் படிக்கிறார்: "ஆர் எண்பதுன்னு போட்டிருக்குடா, கிட்னி போச்சா?" வெளியூரில் இருக்கும் நம்மில் பலரும் இப்படித் திகைத்து நிற்கிறோம்.

இந்த எண்கள் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. அதன் பத்தாவது பதிப்பு 1990-இல் ஏற்கப்பட்டது. பதினோராவது 2022-இல் நடைமுறைக்கு வந்தாலும், ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் தாள்களில் பத்தாவதுதான் இன்னும் அதிகம் புழங்குகிறது.

அதில் 'ஆர்' என்று தொடங்குபவை பெரும்பாலும் நோயின் பெயர்கள் அல்ல. அறிகுறிகளும் பரிசோதனையில் கண்ட மாறுதல்களும்தான். சிறுநீரில் புரதம் இருந்தால் ஆர் 80, சர்க்கரை ஆர் 81, ரத்தம் ஆர் 31, பிற மாறுதல்கள் ஆர் 82. காரணம் உறுதியானதும் எண்ணும் மாறும். சிறுநீர்ப் பாதைத் தொற்று என் 39.0, நாட்பட்ட சிறுநீரக நோய் என் 18.

காய்ச்சலிலும், கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் புரதம் தற்காலிகமாகத் தென்படும். கர்ப்ப காலத்திலும், சிலவகை நீரிழிவு மாத்திரைகளாலும் சிறுநீரில் சர்க்கரை வரும்.

அதற்காக "சும்மா நம்பர்தானே" என்று விட்டுவிடக் கூடாது. காலை முதல் சிறுநீரை மறுபடி சோதியுங்கள். புரதம் தொடர்ந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். வலியே இல்லாமல் ஒரே ஒருமுறை ரத்தம் போனாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மாவிடம் சொல்லவேண்டியது இதுதான்: "கிட்னி போகலைம்மா. ஏன் புரதம் போகுதுன்னு டாக்டர்கிட்ட கேளு."