முதுமையும் கேள்வியும்

கல்வி இளமைக்கு உரியது, ஓய்வு முதுமைக்கு உரியது என வாழ்நாளை இரு கூறாக்கி வைத்தல் உலக வழக்கு. பள்ளிப் படிப்பு, பரீட்சை, உத்தியோகம், ஓய்வூதியம் என்னும் படிகளுள் முதலிரண்டோடு கல்வி முடிவெய்திவிடுகின்றது எனப் பலர் கருதுவர். திருவள்ளுவரோ அவ்வாறு கருதினாரல்லர். ஒருவன் இறக்குந்துணையும் கல்லாது கழிப்பது எதனாலோ என அவர் கல்வி அதிகாரத்தில் வினவுகின்றார். அம்மட்டில் அமையாது, கேள்விக்கெனத் தனியதிகாரம் ஒன்று வகுத்து, நூல் கல்லாதவனும் கற்றார்வாய்க் கேட்டல் வேண்டும் என்றும், தளர்ச்சி வந்தவிடத்து அக்கேள்வி துணையாய் நின்று தாங்கும் என்றும் உணர்த்துகின்றார். தளர்ச்சிக்குரிய பருவம் முதுமையாதலின், கேள்வியின் பயனைப் பெரிதும் நுகர வேண்டியவர் முதியோரே எனல் மிகையாகாது.

இக்காலத்திற் கேள்விக்கு முன்னெக்காலத்தும் இல்லாத வசதி ஏற்பட்டுள்ளது. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் விரிவுரைகள் ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்யப்பெற்று, எவ்வகைக் கட்டணமுமின்றி இணையத்தின் வாயிலாக எவர்க்கும் வழங்கப்படுகின்றன. ஒரு காலத்திற் கப்பலேறிச் சென்று கேட்க வேண்டியிருந்த விரிவுரையை இன்று வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்திருந்தே கேட்கலாம். இவ்வசதி எவ்வாறு வளர்ந்தது, முதியோருக்கு அது எவ்வளவு உதவும், எவ்விடத்தில் உதவாது நின்றுவிடும் என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

கட்டணமின்றிப் பொதுமக்களுக்கு உயர்கல்வி விரிவுரை வழங்குதல் புதியதோர் எண்ணமன்று. இலண்டன் மாநகரில் வாணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டிய சேர் தோமஸ் கிரெசாம் என்பார் 1579 ஆம் ஆண்டில் இறந்தார். அவர் எழுதிவைத்த மரணசாதனத்தின்படி அவருடைய மாளிகை பின்னர்க் கல்லூரியாயிற்று. வானியல், இறையியல், கேத்திரகணிதம், சட்டம், இசை, மருத்துவம், அணியியல் என்னும் ஏழு துறைகளுக்கும் பேராசிரியர் நியமிக்கப்பெற்று, 1597 ஆம் ஆண்டு முதல் விரிவுரைகள் நடைபெறலாயின. அங்கே பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. கேட்க விரும்பியோர் சென்று கேட்டனர். 1660 ஆம் ஆண்டில், அக்கல்லூரியின் வானியற் பேராசிரியராகிய கிறிஸ்தோபர் றென் ஆற்றிய விரிவுரையொன்றின் பின், கலைந்து போகாது கூடியிருந்து உரையாடிய அறிஞர் சிலர் விஞ்ஞான வளர்ச்சிக்கென ஒரு சங்கம் அமைக்கத் தீர்மானித்தனர். உலகப் புகழ்பெற்ற றோயல் சங்கம் தோன்றிய வரலாறு இதுவே. விரிவுரையைக் காட்டிலும் விரிவுரையின் பின் நிகழ்ந்த உரையாடலே அங்குப் பெரும்பயன் விளைத்தது என்பது மனங்கொளத்தக்கது. கிரெசாம் கல்லூரி இன்றும் கட்டணமின்றி விரிவுரை நிகழ்த்தி வருகின்றது. அவற்றின் பதிவுகளும் இணையத்தில் எவர்க்கும் கிடைக்கின்றன.

ஆயினும், விரிவுரை மண்டபத்துக்கு அண்மையில் வாழ்வோரே அக்காலத்தில் அதனாற் பயன்பெற முடிந்தது. இத்தடையை நீக்க வானொலியும் தொலைக்காட்சியும் துணைபுரிந்தன. 1963 ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொழிற்கட்சித் தலைவர் ஹரல்ட் வில்சன், வானலை வழியே கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் எனக் கிளாஸ்கோ நகரில் உரையாற்றினார். ஜெனி லீ என்னும் பெண் அமைச்சரின் விடாமுயற்சியால் அக்கருத்து உருப்பெற்று, 1969 இல் திறந்த பல்கலைக்கழகம் அரச பட்டயம் பெற்றது. 1971 ஆம் ஆண்டு சனவரியிற் பாடங்கள் பி.பி.சி. வாயிலாக ஒலிபரப்பாகத் தொடங்கின. முன்னைத் தகைமை எதுவும் கேளாது அப்பல்கலைக்கழகம் மாணவரைச் சேர்த்தமையால், இளமையிற் படிப்பை இழந்தோர் நடுவயதிலும் முதுமையிலும் கற்க வழி பிறந்தது. எனினும் ஒலிபரப்பிலும் ஒரு குறை இருந்தது. குறித்த நேரத்திற் செவிசாய்க்காதவர்க்கு அன்றைய பாடம் காற்றோடு போயிற்று. பதிவுநாடா அக்குறையை ஓரளவு தீர்த்தது. இணையம் முற்றாகத் தீர்த்தது. அப்பல்கலைக்கழகம் தன் பாடப்பகுதிகள் பலவற்றைக் கட்டணமின்றி வழங்கும் இணையப் பகுதியை 2006 இல் திறந்தது. தொலைக்காட்சி வழியே பாடம் ஒளிபரப்பும் வழக்கமும் அவ்வாண்டின் இறுதியிலேயே முடிவுற்றது.

ஐக்கிய அமெரிக்காவில் மசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிலையம், தன் பாடநெறிகளுக்குரிய குறிப்புகளையும் பயிற்சிகளையும் உலகத்தார் அனைவர்க்கும் இலவசமாக வழங்குவதாக 2001 ஆம் ஆண்டில் அறிவித்தது. 2007 இல் யேல் பல்கலைக்கழகம் வகுப்பறை விரிவுரைகளையே முதல் முதல் இறுதி வரை பதிவு செய்து வெளியிடலாயிற்று. பண்டைக் கிரேக்க வரலாறு, இலக்கியக் கோட்பாடு, பௌதிகம், மெய்யியல் முதலிய துறைகளில் ஏறத்தாழ நாற்பது பாடநெறிகள் இவ்வாறு கிடைக்கின்றன. பௌதிகப் பாடத்தைக் கற்பிப்பவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பழைய மாணவராகிய பேராசிரியர் இராமமூர்த்தி சங்கர் என்பது தமிழர்க்கு உவகை தருவது. மரணம் என்னும் பொருள் பற்றி மெய்யியற் பேராசிரியர் ஷெலி கேகன் ஆற்றிய 26 விரிவுரைகளும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு விரிவுரைக்கும் எழுத்துவடிவமும் உண்டு. இவற்றைக் கேட்பதற்குப் பெயர் பதியவும் வேண்டியதில்லை. கேட்டு முடித்தவர்க்குச் சான்றிதழும் இல்லை.

இனி, முதியோர் மனம் புதிய கல்வியை ஏற்குமா என்னும் வினா எழும். உளவியலார் மனத்தின் ஆற்றலை ஒரே பொருளாகக் கொள்வதில்லை. முன் அறியாத சிக்கலை விரைந்து அவிழ்க்கும் ஆற்றல் ஒன்று. பயிற்சியாலும் அனுபவத்தாலும் திரண்ட அறிவு மற்றொன்று. றேமண்ட் கற்றெல் என்னும் உளவியலறிஞர் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். சியாற்றில் நகரில் 1956 ஆம் ஆண்டில் வார்னர் ஷாயி என்பார் தொடங்கி, ஏழாண்டுக்கு ஒருமுறை அதே மக்களை மீண்டும் மீண்டும் சோதித்துவந்த நெடுங்கால ஆராய்ச்சி, விரைவு முற்படத் தளர்கின்றது என்பதையும், சொல்லறிவு அறுபது வயதளவிலும் பெரிதுங் குன்றாது நிற்கின்றது என்பதையும் புலப்படுத்திற்று. ஆகவே முதியோரிடம் குறைவது பெரும்பாலும் வேகமே. வேகத்தைப் பரீட்சை கேட்கும். பதிவு செய்த விரிவுரை கேட்பதில்லை.

இவ்விடத்திலேதான் பதிவின் தனிச்சிறப்பு விளங்குகின்றது. பேராசிரியரை நிறுத்தி, மீண்டுஞ் சொல்லுக என்று முதியவர் எத்தனை முறை கேட்க முடியும்? பதிவையோ வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். பின்னோக்கிச் சென்று கேட்கலாம். பேச்சின் வேகத்தைக் குறைக்கலாம். முதுமையிற் செவிப்புலன் குன்றும்போது உயர்ந்த சுருதியுடைய ஓசைகளே முதலில் மறைகின்றன. அதனாற் பேச்சொலி கேட்கும், சொல் விளங்காது. அத்தகையோர்க்குத் திரையின் அடியில் ஓடும் எழுத்துவரி பெருந்துணையாகும். பிள்ளைகள் முன் தவறிழைக்கும் கூச்சமும் இல்லை. வீதியிற் செல்லும் களைப்பும் இல்லை.

இத்துணை நலமிருந்தும் பயன் தானாக வந்தெய்துவதில்லை. மசசூசெற்ஸ் நிலையமும் ஹாவார்ட் பல்கலைக்கழகமும் இணையவழி நடத்திய பாடநெறிகளை ஆராய்ந்து 2019 இல் சயன்ஸ் என்னும் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை, 2017-18 ஆம் ஆண்டிற் சேர்ந்தோருள் நூற்றுக்கு மூவரளவினரே பாடநெறியை நிறைவு செய்தனர் எனக் காட்டிற்று. அவர்கள் பல வயதினர். சுவை பார்க்கவே சேர்ந்தோரும் அவருட் பலராவர். ஆயினும், வாயில் திறந்திருத்தல் வேறு, உட்புகுந்து இறுதிவரை இருத்தல் வேறு என்பதற்கு இது தக்க சான்று.

இதன் காரணத்தைப் பவணந்தி முனிவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கூறிப்போந்தார். நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் பாடங்கேட்கும் வரலாற்றை உரைக்குமிடத்து, ஒரு நூலை இருமுறை கேட்பவன் பிழை பெரிதும் இலனாவன் என்றும், மும்முறை கேட்பவன் அதனை முறையறிந்து சொல்லவல்லனாவன் என்றும் அவர் கூறினார். அதனோடு நில்லாது கணக்கொன்றும் வகுத்தார். ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்கூறே. உடன் பயில்வோரோடு பழகுதலால் இன்னொரு காற்கூறு வரும். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் வந்து புலமை நிரம்பும்.

இக்கணக்கைப் பதிவு செய்த விரிவுரைக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் எல்லை தெளிவாகும். இருமுறையும் மும்முறையும் கேட்கும் வாய்ப்பை அது குறைவறத் தருகின்றது. ஆசிரியரால் வருங் காற்கூறு அவ்வாறு கைகூடும். முக்காற்கூறு வெளியிலேயே நின்றுவிடும். இக்கால ஆராய்ச்சியும் இதனோடு உடன்படுகின்றது. 2006 ஆம் ஆண்டில் றோடிகர், கார்ப்பிக்கே என்னும் அறிஞர் இருவர் கல்லூரி மாணவரை ஓர் உரைப்பகுதியைப் படிக்கச் செய்து, ஒரு சாராரை மீண்டும் படிக்கவும், மறுசாராரை ஏட்டை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதவும் விட்டனர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவரே மேம்பட்டு நின்றனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவரே மேம்பட்டனர். கேட்குந்தோறும் விளங்கியது போலத் தோன்றுவது ஒன்று. கேட்டதைத் தன் வாயாற் சொல்ல முடிவது பிறிதொன்று. தனித்திருந்து கேட்கும் முதியவர் முன்னதையே அறிவென மயங்கிவிடக் கூடும்.

அம்முக்காற்கூற்றை நிரப்பும் வழியை மேனாட்டு முதியோர் சிலர் கண்டுள்ளனர். பிரான்சு தேசத்துத் துலூஸ் நகரில் 1973 ஆம் ஆண்டிற் பேராசிரியர் பியர் வெல்லா மூன்றாம் பருவத்தார் பல்கலைக்கழகம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அங்குப் பல்கலைக்கழக ஆசிரியரே முதியோர்க்குக் கற்பித்தனர். 1982 அளவில் பீற்றர் லாஸ்லெற், மைக்கல் யங், எரிக் மிட்வின்ரர் ஆகியோர் அக்கருத்தைப் பிரித்தானியாவுக்குக் கொணர்ந்தபோது அதனைப் பெரிதும் மாற்றினர். கற்போரே கற்பிப்போராகவும் அமைதல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அங்கே தகைமை கேட்பாரில்லை, பரீட்சையில்லை, சிறு சந்தாப்பணம் மட்டுமே உண்டு. உறுப்பினரின் வீட்டு முன்னறையே பெரும்பாலும் வகுப்பறையாகும். ஓய்வுபெற்ற கணக்காளர் கீழைநாட்டு வரலாற்றை எடுத்துரைக்கலாம். தாதியாயிருந்தவர் தாவரங்களைப் பற்றி உரையாற்றலாம். பதிவு செய்த விரிவுரையைக் கூடியிருந்து கேட்டு, நிறுத்தி, விவாதிக்கும் குழுக்களும் அவற்றுள் உள. பிரித்தானியாவில் மட்டும் இத்தகைய சங்கங்கள் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டுள்ளன.

இம்முறை யாழ்ப்பாணத்தார்க்கு முற்றும் புதியதன்று. கோயில்களிலும் மடங்களிலும் நடைபெறும் புராணபடனத்தில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். ஏட்டறிவு சிறிதும் இல்லாத முதியோரும் ஆண்டுதோறும் அதனைக் கேட்டுக் கதையும் பொருளும் உணர்ந்தனர். கேட்டு வந்தவரே பின்னர் வாசிப்போராகவும், வாசித்தவரே பயன் சொல்வோராகவும் உயர்ந்தனர். கேள்வி, பழக்கம், எடுத்துரைத்தல் என்னும் மூன்று படிகளும் ஒரே மண்டபத்தில் அமைந்திருந்தன. இன்று பேராசிரியரின் குரல் திரையிலிருந்து வருகின்றது. பயன் சொல்லும் இருக்கை மட்டும் வெறுமையாயுள்ளது.

அவ்விருக்கையை நிரப்புதல் அரிய காரியமன்று. ஐவர் அறுவர் முதியோர் வாரத்தில் ஒரு மாலை ஒரு வீட்டிற் கூடலாம். ஒரு விரிவுரையை இருபது நிமிட அளவிற் பகுத்துக் கேட்கலாம். ஒவ்வொரு பகுதி முடிவிலும் பதிவை நிறுத்தி, கேட்டதை ஒருவர் தம் சொற்களிற் கூற, மற்றையோர் திருத்தலாம். அடுத்த வாரத்துக்கு ஒரு வினாவை வைத்துப் பிரியலாம். ஆங்கிலம் அறிந்தவர் அறியாதவர்க்குத் தமிழில் விளக்கும்போது, கேட்பவர் பெறுவதினும் விளக்குபவர் பெறுவதே மிகுதியாயிருக்கும்; பவணந்தியார் கணக்கின்படி அரைக்கூறு அவருடையதன்றோ?

மொழி பற்றிய குறையும் இங்கு எண்ணத்தக்கது. இலவசப் பாடநெறிகளுட் பெரும்பாலன ஆங்கிலத்திலேயே உள்ளன. 2001 ஆம் ஆண்டிற் சென்னையில் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு, இலக்கியம், இலக்கணம், பண்பாடு ஆகியவற்றுக்குரிய பாடங்களை இணையத்தில் வைத்துள்ளது. அது நற்பணி. ஆயினும், ஒரு துறையை முதல் முதல் இறுதி வரை வகுப்பில் நடத்துவதுபோல நல்லாசிரியர் ஒருவர் தமிழில் விளக்கிய பதிவுகள் பெருக வேண்டும். முப்பதாண்டுக் காலம் நன்னூலோ, தூயகணிதமோ, இலங்கைச் சரித்திரமோ கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊர்தோறும் உளர். அவர்தம் விளக்கம் மாணாக்கர் நினைவில் மட்டுமே வாழ்கின்றது; அந்நினைவும் ஆண்டுக்காண்டு தேய்கின்றது. பழைய மாணவர் ஒருவரின் கைத்தொலைபேசியும், சந்தடியற்ற ஓர் அறையும் இருப்பின் அதனைப் பேணிக்கொள்ளலாம். காலந்தாழ்த்தினாற் பேணுதற்குக் குரல் இராது.

எனவே முதியோர் இருவகையாற் கடமைப்பட்டவராவர். உலகம் இலவசமாகத் தரும் கேள்விச் செல்வத்தைக் கூடியிருந்து பெறுதல் ஒன்று. தாம் பெற்ற கல்வியைத் தமிழிற் பதிந்து பின்வருவோர்க்கு வைத்தல் மற்றொன்று. முன்னதனாற் காற்கூறும் காற்கூறும் சேரும். பின்னதனாலேயே எஞ்சிய அரைக்கூறு நிரம்பும்.