விவாகரத்துத் தீர்ப்பு: மேல்முறையீட்டுக் கெடு தவறினால் என்ன ஆகும்?

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை தொடர்ந்தாலும், மணமுறிவு வழக்கு எந்தப் பக்கத்தில் நடந்ததோ அதைப் பொறுத்து மேல்முறையீட்டின் இடம் மாறுகிறது. நெய்யாற்றின்கரைக் குடும்பநல நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்ப்பவர் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கொச்சியில் கேரள உயர் நீதிமன்றத்தையும், கன்னியாகுமரி மாவட்டக் குடும்பநல நீதிமன்றத் தீர்ப்பை எதிர்ப்பவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையையும் நாட வேண்டும். ஆனால் கெடுவை வகுப்பவை மத்தியச் சட்டங்கள் என்பதால், அது இரு பக்கத்தாருக்கும் பொதுவானது.

அந்தக் கெடு எத்தனை நாள் என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், 19ஆம் பிரிவில், தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்களை வகுத்துள்ளது. இந்து திருமணச் சட்டத்தின் 28ஆம் பிரிவோ 90 நாட்கள் தருகிறது. முன்பு இதுவும் 30 நாட்களாகவே இருந்தது. தொலைவையும் கட்சிக்காரர்களின் பணவசதியையும் கருதினால் அது போதாது என்று 2002இல் சாவித்திரி பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியதை அடுத்து, 2003இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்து தம்பதியர் வழக்குகளுக்கு 90 நாட்களே பொருந்தும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2016இல் தீர்ப்பளித்தது. எனினும் குடும்பநல நீதிமன்றச் சட்டம் பிற சட்டங்களை மேவும் என்று அதன் 20ஆம் பிரிவே கூறுவதால், எந்தச் சமயத்தவராயினும் 30 நாட்களையே கெடுவாகக் கொள்வது பாதுகாப்பானது. இருவரும் மனமொத்துப் பெற்ற விவாகரத்துக்கு, அச்சட்டத்தின்படி, மேல்முறையீடே இல்லை.

கெடுவைக் கணக்கிடும்போது, தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு, அதாவது நீதிமன்ற முத்திரையோடு வழங்கப்படும் படிக்கு, விண்ணப்பித்த நாள் முதல் அது தயாராகும் நாள் வரையிலான காலம் கழிக்கப்படும். ஆனால் விண்ணப்பிக்காமல் கடந்த நாட்களும், தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் கழிக்கப்படுவதில்லை. கெடு தவறியவர், காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனுவை மேல்முறையீட்டோடு சேர்த்துத் தாக்கல் செய்யலாம். நோய், பணமுடை, வக்கீலின் தவறு போன்ற காரணங்களை ஆதாரத்தோடு விளக்கி, உரிய காலத்தில் வர இயலாமல் போனதற்குப் போதிய காரணம் இருந்ததென நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். சம்மன் முறைப்படி வந்துசேராததால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒருதரப்பாக, தீர்ப்பாகியிருந்தால், அதை அறிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே ரத்துக் கோரலாம்.

தாமதம் மன்னிக்கப்பட்டாலும் எல்லா இழப்பும் ஈடாகிவிடாது. இந்து திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, மேல்முறையீடு எதுவும் வராமல் கெடு முடிந்ததும் இரு தரப்பினரும் மறுமணம் செய்துகொள்ளலாம். கெடு கடந்து தாக்கலாகும் மேல்முறையீடு, தீர்ப்புக்கோ மறுமணத்துக்கோ இடைக்காலத் தடை பெறாதவரை, அந்த உரிமையைத் தடுக்காது என்று 2020இல் கிருஷ்ணவேணி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே ஒருவரின் தயக்கத்தால் கடந்துபோகும் நாட்கள், இன்னொரு குடும்பம் உருவாகும் காலமாகவும் ஆகிவிடுகின்றன. அதன் பிறகு தீர்ப்பை மாற்றக் கோருவது மூன்றாவது ஒருவரின் வாழ்வையும் தொடும் வழக்காகிறது.

இந்தச் சுமை பெரும்பாலும், தீர்ப்பின் மொழி புரியாமலும் கொச்சி வரை சென்று வக்கீல் அமர்த்த வழியில்லாமலும் நாட்களைக் கழிக்கும் பெண்கள்மீதே விழுகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கு வருமான வரம்பு எதுவுமின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளித்துள்ளது. விவாகரத்துத் தீர்ப்பின் ஒரு நகலை இரு தரப்பினருக்கும் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டமும் கூறுகிறது. ஆகவே, தீர்ப்பில் உடன்பாடு இல்லாதவர்கள் ஊர்ப் பெரியவர்களின் சமரசப் பேச்சு முடியட்டும் என்று காத்திராமல், தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு விண்ணப்பித்து, அதே வாரத்தில் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுக வேண்டும். பேச்சுவார்த்தையைப் பிறகும் தொடரலாம், கடந்துபோன கெடுவை நீதிமன்றம் திருப்பித் தரும் என்பதற்கு உறுதி இல்லை.