அண்ணன் பிடிச்சா பிடிச்சதுதான்!

அமெரிக்கக் கால்பந்தில் 'ரிசீவர்' என்று ஒருவர் உண்டு. பறந்து வரும் பந்தைப் பாய்ந்து பிடிப்பதற்கே கோடிகளில் சம்பளம்! தஞ்சாவூர் மாவட்டத்திலும் அப்படி ஒரு பிடிகாரர் இருக்கிறார். என்ன, இவர் பிடித்தது பந்தை அல்ல, பாய்ந்து வரும் ஆளையே! கபடிப் பைத்தியங்கள் இந்நேரம் விசில் அடித்திருப்பீர்கள்: தர்மராஜ் சேரலாதன்! களத்தில் வடக்கத்தி வீரர்களுக்கும் 'அண்ணா'தான்.

சொந்த ஊர் திருச்சென்னம்பூண்டி. தம்பி கோபுவும் புரோ கபடி லீக்கில் ஆடியவர். வீட்டுக்குள்ளேயே பிராக்டீஸ் போல! டெல்டா கிராமங்களில் கபடி என்றால் தனித் திருவிழா. சம்பா அறுவடை முடியட்டும், திடலில் டியூப் லைட் கட்டி, மைக் செட் அலற, விடிய விடிய ஆட்டம் நடக்கும். விழுந்தால் முட்டி தோல் போய்விடும். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த பாட்டுக்கு (அதாவது ரெய்டுக்கு) நிற்க வேண்டியதுதான்.

'மேட்' விரிப்புக்கு வந்தால் கதையே வேறு. காலில் ஷூ, கணுக்காலில் டேப், ஒவ்வொரு பாட்டுக்கும் 30 விநாடிக் கெடு. எல்லோரையும் மிரட்டும் வில்லன் எடை மெஷின்! புரோ கபடியில் 85 கிலோ வரம்பு. பிரியாணி காத்திருக்கலாம், மெஷின் காத்திருக்காது.

இப்போது அண்ணனின் பிடி ரகசியத்துக்கு வருவோம். அவர் ஆடிய இடம் ரைட் கார்னர். கேமரா பாடி வருபவரையே துரத்தும். கார்னர்காரர் ஓரத்தில், பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்தபடி, வயல் கொக்கு மாதிரி சும்மா நிற்பார். சும்மாவா? அவர் கண் எதிராளியின் காலில்! போனஸ் கோட்டுக்கு ஒரு கால் நீளும் அந்த நொடியில் கணுக்கால் கைக்குள். அவசரப்பட்டுப் பாய்ந்தால் பாயின்ட் எதிரணிக்கு. தயங்கினால் ஆள் நடுக்கோட்டைத் தாண்டிவிடுவார். இந்த 'எப்போது?' என்பதைச் சொல்லித்தர எந்த ஜிம்மாலும் முடியாது. வருஷக்கணக்கில் ஆடினால்தான் வரும். அதனால்தான் இந்த இடத்தில் வயது பாரமல்ல, மூலதனம்!

2016-ஐப் பாருங்கள், பக்கா மசாலா. ஜூலை 31, ஹைதராபாத்: சேரலாதன் கேப்டனாக நின்ற பாட்னா பைரேட்ஸ், ஜெய்ப்பூரை 37-29 என்று சாய்த்துப் புரோ கபடி கோப்பையைத் தூக்கியது. அந்த பாட்னா அணியில் இருந்த ஈரான்காரர் ஃபாசல் அத்ராசலி, அக்டோபரில் அகமதாபாத் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் எதிர்ப்பக்கம்! இடைவேளையில் ஈரான் 18-13 என முந்த, அரங்கமே நகம் கடித்தது. கடைசியில் 38-29, இந்தியா சாம்பியன். உலகக் கோப்பை வென்ற அந்த அணியில் அண்ணனுக்கு வயது 41!

அதோடு ஓய்வா? அட போங்க! அடுத்து புனே, மும்பை, பிறகு ஹரியானா ஸ்டீலர்ஸின் கேப்டன். 2018-ல் மும்பை அணியில் ஒரு கார்னரில் அண்ணன், மறு கார்னரில் யார் தெரியுமா? அதே ஃபாசல்!

அடுத்த முறை டிவியில் கபடி ஓடும்போது பாடி வருபவரை விட்டுவிடுங்கள். ஓரத்தில் சும்மா நிற்பவரைப் பாருங்கள். நிஜ ஆட்டம் அங்கேதான் நடக்கிறது!