ஐப்பசி மழையும் வீட்டு டெலிபோனும்

ஐப்பசி பிறந்து, வெட்டாறும் வெண்ணாறும் கரை தொட்டு ஓட, சம்பாப் பயிர் நின்ற வயல்களில் நீர் தேங்கி, வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாதபடி பழைய தஞ்சை ஜில்லாவின் கீழ்ப்பகுதி முழுவதும் ஒரே நீர்ப்பரப்பாய்க் காட்சியளிக்கும் அந்த நாட்களில்தான், ஊருக்கு ஊர் ஒரு வார்த்தை சொல்லியனுப்ப வேண்டிய அவசியம் அதிகம். அதே நாட்களில்தான் வீட்டு டெலிபோன் தன் குரலை இழப்பதும் இங்கே வெகுகாலமாக வழக்கமாயிருந்தது. மழையில் உப்பிக் கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும் சுபாவமுடைய களிமண்ணுக்குள்ளே புதைத்த கேபிளின் இணைப்புகள் ஆண்டுதோறும் இழுபட்டுத் தளரும். வயல் எலிகள் மேலுறையைக் கடித்து வைக்கும். அந்த வழியே கசிந்து இறங்கிய ஈரம், ஒன்றையொன்று தீண்டாமல் இருக்க வேண்டிய இரண்டு செம்புக் கம்பிகளுக்கிடையே மின்சாரத்துக்கு ஒரு குறுக்கு வழியை உண்டாக்கிவிடும். முதலில் கரகரப்பு, அப்புறம் யாரோ இருவருடைய சம்பாஷணை நடுவே புகுந்து கேட்பது, கடைசியில் ‘போன் டெட்’. முழங்கால் அளவு நீரில் நின்றுகொண்டு, தெருமுனைப் பெட்டியைத் திறந்து, ஈரம் பட்ட இணைப்புகளைத் துடைத்துக் காயவைத்து, பழுதில்லாத வேறொரு கம்பி ஜோடியைத் தேடிப்பிடித்துக் கொடுத்த லைன்மேன்களின் உழைப்பை இந்தப் பிரதேசத்தார் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

அந்தச் செம்புக் கம்பியின் காலம் முடிந்து வருகிறது. பி.எஸ்.என்.எல். தன் பழைய இணைப்புகளைப் படிப்படியாகக் கண்ணாடி இழைக்கு மாற்றிக்கொண்டு வருகிறது. தனியார் ஸ்தாபனங்களில் ஜியோ, 2019 செப்டம்பரில் ஆரம்பித்த இழைச் சேவையில், வீட்டு டெலிபோனையும் இன்டர்நெட்டோடு சேர்த்தே கொடுத்தது. இனி நம் குரல் இன்டர்நெட்டின் வழியிலேயே போகப் போகிறது. இந்த மாற்றம் நல்லது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் பழைய டெலிபோன் நாம் அறியாமலேயே நமக்குச் செய்துவந்த ஓர் உபகாரத்தை இந்த மாற்றம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போகிறது என்பதையும், அதை ஈடு செய்துகொள்ளாத வீடு புயல் நாளில் மௌனமாகிவிடும் என்பதையும் விளக்கிச் சொல்ல யாரும் முன்வருவதாகத் தெரியவில்லை.

டெலிபோன் நம் தேசத்துக்கு வந்து நெடுங்காலமாகிறது. 1882 ஜனவரி 28ஆம் தேதி கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களில் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டன. ஆனால் நூறு ஆண்டுகள் சென்ற பின்னும், டெல்டா கிராமத்தில் ஒருவர் டெலிபோன் வேண்டுமென்று மனுப்போட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியூருக்குப் பேசுவதானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். 1984இல் ஏற்பட்ட சி-டாட் என்ற மத்திய சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனம், குளிர்சாதன வசதியில்லாத சாதாரணக் கட்டடத்தில், நம் நாட்டு வெயிலையும் புழுதியையும் தாங்கி வேலை செய்யக்கூடிய சிறு எக்ஸ்சேஞ்சை உருவாக்கி, 128 இணைப்புகள் கொண்ட முதல் யந்திரத்தை 1986இல் கர்நாடகத்துக் கிட்டூரில் நிறுவிய பிறகுதான் கிராமங்களின் நிலை மாறத் தொடங்கியது. அப்புறம் வந்த எஸ்.டி.டி. பூத்துகளை டெல்டாவாசிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும், சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ உழைக்கும் மகனின் குரலைக் கேட்பதற்காக, கட்டணம் குறையும் இரவு நேரத்தை எதிர்பார்த்துத் தாய்மார்கள் அந்த மஞ்சள் பலகைக் கடைகளின் முன் காத்திருந்த காலம் அது. 2006 வாக்கில் தேசத்தில் ஏறக்குறைய 5 கோடி கம்பி இணைப்புகள் இருந்தன. பின்பு செல்போன் எங்கும் பரவி அவற்றில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டது. எஞ்சியவை அரிசி ஆலைகளிலும், கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளிலும், மருத்துவமனைகளிலும், பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்க வயோதிகத் தம்பதிகள் மட்டும் வசிக்கும் வீடுகளிலும் இருக்கின்றன.

அந்த வயோதிகர்களுக்குப் பழைய டெலிபோன் செய்த உபகாரம் இதுதான். எக்ஸ்சேஞ்சில் வரிசை வரிசையாய் வைத்திருக்கும் பெரிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம், அந்த இரண்டு செம்புக் கம்பிகளின் வழியாகவே வீட்டுக்கு வந்து, டெலிபோனை உயிரோடு வைத்திருந்தது. மணியடிக்கத் தேவையான அதைவிட உயர்ந்த வோல்ட்டேஜும் அங்கிருந்தே வந்தது. ஊர் முழுவதும் மின்சாரம் நின்று இருட்டில் ஆழ்ந்திருந்தாலும், கம்பி மட்டும் அறுபடாமல் இருந்தால், ரிசீவரைக் கையில் எடுத்தவுடன் டயல் டோன் கேட்டது. ஏனென்றால் நம் வீட்டு மின்சாரத்துக்கும் அந்தக் கருவிக்கும் சம்பந்தமே கிடையாது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி தீரும் தறுவாயில் டீசல் ஜெனரேட்டரை ஓட்டுவதும் அங்கிருந்த ஊழியர்களின் பொறுப்பு. மாத வாடகை என்று நாம் கட்டிய தொகையில் இந்தக் காவலும் அடங்கியிருந்தது.

புதிய முறையில் நடப்பது முற்றிலும் வேறு. நாம் பேசும் குரலை யந்திரம் ஒரு விநாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக மாற்றி, அந்த எண்களை விநாடிக்கு 50 சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் விலாசம் எழுதி அனுப்புகிறது. அப்பாலுள்ள யந்திரம் அவற்றை வரிசைப்படுத்திப் பிரித்து மறுபடியும் குரலாக்குகிறது. விலாசத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் விநாடிக்கு 80 கிலோபிட் அளவு போதும். சாதாரண இழை இணைப்பின் சக்தியில் இது மிகச் சிறிய அம்சம். குரல் போய்ச்சேர எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருந்தால், பேசுகிறவர்களுக்கு இடைவெளி உறுத்தாது. இவ்விதம் பேசுவதற்கு நம் நாட்டில் அனுமதி கட்டங்கட்டமாகவே கிடைத்தது. 2002 ஏப்ரலில் கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு டெலிபோனுக்குப் பேச இடங்கொடுத்தார்கள். உள்நாட்டு எண்களோடு தாராளமாய்ப் பேசும் சேவையை 2018 ஜூலையில் பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ என்ற பெயரில் முதலில் அறிவித்தது.

இந்தப் பொட்டலங்களைச் சுமந்து வருவது ஒளி. எக்ஸ்சேஞ்சிலோ கேபிள் ஆபரேட்டரின் அறையிலோ இருக்கும் ஓ.எல்.டி. என்ற யந்திரத்திலிருந்து புறப்படும் ஒளி, தலைப்பு வாய்க்காலின் நீரை மதகு பல கிளை வாய்க்கால்களுக்குப் பங்கிட்டு விடுவதுபோல, தெருவில் உள்ள ஸ்பிளிட்டரில் 32 ஆகவோ 64 ஆகவோ பிரிந்து வீடுகளை அடைகிறது. அந்த ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் மாட்டிய ஓ.என்.டி. பெட்டி ஒளியை மின்னோட்டமாக மாற்றி இன்டர்நெட்டையும் டெலிபோனையும் பிரித்துத் தருகிறது. பெட்டியின் பின்புறத்தில் டெலிபோனுக்கென்று உள்ள சிறு துளையில் பழைய கருவியையே செருகிக்கொள்ளலாம். மணியடிக்கும் மின்சாரத்தைப் பெட்டியே கொடுத்துவிடும். சுழற்றும் வட்டமுள்ள மிகப் பழைய கருவியில் அழைப்பை ஏற்றுப் பேச முடிந்தாலும், எண் சுழற்றுவதைச் சில பெட்டிகள் புரிந்துகொள்ளமாட்டா. பொத்தான் உள்ள கருவியே உத்தமம். வீட்டுக்குள் பல அறைகளுக்கு இழுத்திருக்கும் பழைய கம்பியைப் பெட்டியோடு சேர்ப்பதாயிருந்தால், தெருவிலிருந்து வரும் செம்புக் கம்பியை முதலில் துண்டித்துவிட வேண்டும். இரண்டு பக்கத்து மின்சாரமும் சந்தித்தால் பெட்டி கெட்டுப்போகும்.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆகவே தண்ணீரில் கிடக்கும் இழையில் கரகரப்பு இல்லை, பிறர் பேச்சு புகுவதில்லை, எங்கோ விழுந்த இடி அதன் வழியே ஓடிவந்து கருவியைக் கருக்குவதும் இல்லை. ஈரமே பரமசத்துருவாயிருந்த இந்த நாட்டுக்கு இது பெரிய வரப்பிரசாதம்! ஆனால் டெல்டாவில் இழை பெரும்பாலும் மண்ணுக்கடியில் போவதில்லை. மின்கம்பத்திலிருந்து மின்கம்பத்துக்கும், சில இடங்களில் தென்னை மரத்திலிருந்து தென்னை மரத்துக்கும் தொங்கிக்கொண்டு போகிறது. ஒரு மட்டை விழுந்தால் அறுந்தது. அறுவடை மிஷினோ வைக்கோல் ஏற்றிய லாரியோ உரசினால் அறுந்தது. பெட்டியில் ‘ரெட் லைட் எரியுது’ என்று ஆபரேட்டருக்குச் சொன்னால், இழையின் இரு நுனிகளையும் உருக்கி ஒட்டும் கருவியோடு ஆள் வரவேண்டும். 125 மைக்ரான் கனமே உள்ள அந்த இழையை லைன்மேனின் முறுக்குக் குறடு கொண்டு ஒட்டுவது சாத்தியமல்ல.

அறுந்ததை ஒட்டிக்கொள்ளலாம். மின்சாரத்தின் விஷயம் அதைவிடப் பெரிது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பகுதிகளில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரமாயிரமாய் முறிந்தன. செல்போன் கோபுரங்கள் மின்சாரமின்றி ஓய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய முடியாமல் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் தவித்த தவிப்பை அந்தப் பிரதேசத்தார் அறிவார்கள். அப்படியொரு நாள் மறுபடி வந்தால், இழை அறுபடாமல் இருந்தாலுங்கூட, சுவரிலுள்ள பெட்டிக்கு மின்சாரம் இல்லாத வீட்டில் டெலிபோன் பேசாது. முன்பு எக்ஸ்சேஞ்ச் சுமந்த பொறுப்பு இப்போது கிருகஸ்தர் தலைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இணைப்புக் கொடுக்க வருகிறவர்கள் படம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று சொல்லுகிறார்களே தவிர, இதைச் சொல்லுவதில்லை.

மற்ற தேசங்களில் இந்தப் பிரச்சினையைக் கவனித்திருக்கிறார்கள். பிரிட்டனில் பழைய வலையை 2025 முடிவில் மூடிவிடுவதாக இருந்தார்கள். தனித்து வாழும் முதியோர் உடம்பில் அணிந்திருக்கும் அபாய அறிவிப்புக் கருவிகள் புதிய இணைப்பில் வேலை செய்யத் தவறியதைக் கண்டபின், 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைத்து, பின்னர் கெடுவையும் 2027 ஜனவரிக்கு ஒத்திப்போட்டார்கள். டெலிபோனையே நம்பியிருக்கும் வீடுகளுக்கு, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி செய்து தரவேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பின் கட்டளை. ஜப்பானோ வேறு வழியை மேற்கொண்டது: 2024 ஜனவரி முதல் எக்ஸ்சேஞ்சுகளுக்கிடையே உள்ள வலையை மட்டும் புதிய முறைக்கு மாற்றி, வீட்டுக்கு வரும் செம்புக் கம்பியையும் கருவியையும் இருந்தபடியே விட்டுவிட்டது. பூகம்பமும் சூறாவளியும் அடிக்கடி காணும் அந்த ஜனங்களின் முன்யோசனை எனக்கு மிகவும் பிடிக்கிறது. நம் செம்பு ஏற்கெனவே பழுதடைந்துவிட்டதால் அந்த வழி நமக்கு அடைபட்டது. ஒரு மணி நேரம் என்ற பிரிட்டிஷ் கணக்கும் டெல்டாவின் புயலுக்குப் போதாது.

செய்யக்கூடியது சுலபம்தான். அந்தப் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் வேலை செய்கிறது. அதன் பசி ஏறத்தாழ 10 வாட். அதற்கென்றே விற்கும் மினி யு.பி.எஸ். சில மணி நேரம் தாங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், பெட்டியின் பிளக்கை அந்த இணைப்பில் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் விளக்கும் விசிறியும் மட்டுமே அதில் இருக்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள இன்வெர்ட்டரில், விசிறிகளை நிறுத்திவிட்டுப் பெட்டியை மட்டும் ஓட்டினால், ஒரு நாளுக்கு மேலேயே டெலிபோன் உயிரோடு இருக்கும். கார்ட்லெஸ் கருவி வைத்திருப்பவர்கள் அதற்கும் மின்சாரம் தேவை என்பதை மறக்கலாகாது. கம்பியோடு கூடிய சாதாரணக் கருவி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருப்பது நலம்.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சாவூரின் 04362க்குப் பின் ஆறு இலக்கம், கும்பகோணத்தின் 0435க்குப் பின் ஏழு இலக்கம் என்று, கடைப் பலகையிலும் கலியாணப் பத்திரிகையிலும் முப்பது நாற்பது வருஷமாய் அச்சாகிவந்த எண் பல குடும்பங்களுக்கு ஒரு சொத்து. பி.எஸ்.என்.எல். செம்பிலிருந்து அதே ஸ்தாபனத்தின் இழைக்கு மாறுகிறவர்கள் பழைய எண்ணை வைத்துக்கொள்ளக் கேட்கலாம்; விண்ணப்பம் எழுதும்போதே கேட்டுவிட வேண்டும். வேறு ஸ்தாபனத்துக்குப் போனால் அது கிடைக்காது. 2011 முதல் தேசமெங்கும் செல்போனுக்கு உள்ள, எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமை, வீட்டு டெலிபோனுக்கு இன்னும் வரவில்லை.

நம் வீட்டில் பேட்டரி வைத்துவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. ஒளியை அனுப்பும் ஓ.எல்.டி. யந்திரம் பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் இருந்தால் அங்கே பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும்; கேபிள் ஆபரேட்டரின் கடை மாடியில் இருந்தால் அங்கே இருப்பது ஒரு சாதாரண இன்வெர்ட்டராக இருக்கலாம். ஆகவே இணைப்பு வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: யந்திரம் எங்கே இருக்கிறது, மின்சாரம் நின்றால் அது எத்தனை மணி நேரம் ஓடும்? இவற்றுக்கான விடையை ஒவ்வொரு ஸ்தாபனமும் ரசீதிலேயே எழுதித் தரவேண்டும் என்று சர்க்கார் விதி செய்தால், கடலோர ஜில்லாக்களுக்கு அது பேருதவியாயிருக்கும். விதி வரும்வரை, முதிய பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறவர்கள், ஆவணியிலோ புரட்டாசியிலோ ஊருக்கு வரும்போது வீட்டின் மெயின் சுவிட்சைச் சிறிது நேரம் அணைத்து வைத்து, வாசலில் நின்று தங்கள் செல்போனிலிருந்து வீட்டு எண்ணுக்கு ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கட்டும். உள்ளே மணியடிக்காவிட்டால், பேட்டரி வாங்கி வைக்க அடைமழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்.