கோடரிக்கு ஒரு திர்ஹம்



ஏப்ரல், மே மாதங்கள் வந்துவிட்டால், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் இமாமைத் தேடி வருகின்ற பெற்றோர்களில் பலர் ஒரே செய்தியைத்தான் கொண்டு வருகின்றார்கள். "ஹஜ்ரத், பையன் டிகிரி முடிச்சுட்டான். நல்ல வேலை கிடைக்க துஆ செய்யுங்க." துஆ செய்கின்றோம். அது நமது கடமை. ஆனால், "எந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கின்றான்?" என்று திருப்பிக் கேட்டால், "இனிமேதான் பார்க்கணும் ஹஜ்ரத்" என்று பதில் வருகின்றது. மூன்றாண்டுகள் மேலப்பாளையத்திலிருந்தும் பேட்டையிலிருந்தும் பத்தமடையிலிருந்தும் பேருந்து ஏறிக் கல்லூரிக்குச் சென்று வந்த பிள்ளை, கடைசித் தேர்வு முடிந்த பிறகுதான் வேலையைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகின்றான்.

இதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டிக் கொள்கின்றோம். தவக்குல் எத்தகையது என்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு நிகழ்ச்சியின் மூலம் நமக்குக் காட்டித் தந்திருக்கின்றார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்தச் செய்தி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இடம்பெற்றுள்ளது. அன்ஸாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். அவருடைய வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் கேட்டார்கள். பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக் கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் அருந்தும் ஒரு பாத்திரமும் மட்டுமே இருந்தன. அவற்றை வரவழைத்து, தமது கையாலேயே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்டார். மேலும் கேட்பவர் உண்டா என்று நபியவர்கள் வினவ, மற்றொருவர் இரண்டு திர்ஹங்களுக்கு வாங்கிக் கொண்டார். ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவும், மற்றதில் கோடரியும் வாங்கி வரச் சொன்னார்கள். அந்தக் கோடரிக்குத் தமது புனிதக் கரத்தால் காம்பு போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாட்கள் வரை தம்மிடம் வரவேண்டாம் என்றும் கூறி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்து திர்ஹங்கள் சம்பாதித்திருந்தார்.

வந்தவருக்கு ஸதகா கொடுத்து அனுப்புவது எளிதாக இருந்திருக்கும். ஆனால் நபியவர்கள் முதலில் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதே. வேலை தேடும் நம் பிள்ளைகளிடமும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

வீட்டில் என்ன இருக்கிறது?

முதலில் இருக்க வேண்டியவை சான்றிதழ்கள். இதில் நம் சமுதாயம் இழப்பது கொஞ்சமல்ல. 2007ஆம் ஆண்டு தமிழக அரசு, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குரிய 30 விழுக்காட்டிற்குள் முஸ்லிம்களுக்கென்று 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியது. இதற்காக நடந்த மாநாடுகளையும் பேரணிகளையும் பெரியவர்கள் அறிவார்கள். ஆனால் அந்த ஒதுக்கீடு, முஸ்லிம் என்ற பெயர் இருப்பதால் மட்டும் தானாகக் கிடைத்துவிடாது. அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவுகளில் ஒன்றைக் குறிப்பிட்டு, 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்' என்று சாதிச் சான்றிதழில் இருந்தாக வேண்டும். பிரிவின் பெயர் எழுதப்படாத பழைய சான்றிதழை வைத்துக் கொண்டு, சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று கலங்கி நிற்பவர்கள் உண்டு.

மத்திய அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழ் செல்லாது என்பதும் பலருக்குத் தெரியாது. அதற்கு 'ஓ.பி.சி.' எனப்படும் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை, வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்ற குறிப்புடன், மத்திய அரசின் படிவத்தில் தனியாகப் பெற வேண்டும். அது எந்தத் தேதியில் பெறப்பட்டது என்பதையும் பார்ப்பார்கள். ரயில்வேக்கும் வங்கிகளுக்கும் விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

அடுத்தது பெயர். நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முஹம்மது என்ற திருப்பெயர் முன்னால் நிற்கிறது, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது, 'ஓ' போடுவோர் ஒரு பக்கம், 'யு' போடுவோர் ஒரு பக்கம், 'எம்' ஒன்று போடுவோர், இரண்டு போடுவோர் என்று ஐந்தாறு விதமாக எழுதுகின்றோம். பள்ளிக்கூடத்தில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பிள்ளை, எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்றும், இந்த எழுத்து வேறுபாட்டுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்து, குறித்த நாளுக்குள் ஆவணம் சமர்ப்பிக்க இயலாமல் வாய்ப்பை இழந்தான். அவனுடைய தாயார் அழுத அழுகை இன்னும் என் செவிகளில் இருக்கின்றது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்து மற்ற ஆவணங்களைத் திருத்திக் கொள்வது நல்லது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் மாற்றலாம் என்பதால், யோசித்துச் செய்ய வேண்டும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2010இல் வந்த அந்தச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு, முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றாயிற்று. ஆங்கிலவழிப் பள்ளிதான் கௌரவம் என்று கடன் வாங்கிச் சேர்க்கின்றோமே, அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் தலைமையாசிரியரிடமும் கல்லூரி முதல்வரிடமும் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வைக்கலாம்.

மேலப்பாளையத்துத் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் பீடி சுற்றி வைத்திருக்கும் தொழிலாளர் அடையாள அட்டையும் ஒரு சொத்தே. பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை, படிப்புக்கு ஏற்ப ஆண்டுக்கு 1,000 ரூபாய் முதல் 25,000 ரூபாய் வரை கல்வி உதவித்தொகை வழங்குகின்றது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தாயின் விரல்கள் தேய்ந்து கிடைத்த அட்டை, பெட்டிக்குள் உறங்குகின்றது.

கோடரி எது?

அந்த ஸஹாபிக்குக் காடு தெரியும். உடலில் வலுவும் இருந்தது. ஆனாலும் கோடரி இல்லாமல் அவை பயன்படவில்லை. இன்று பட்டம் என்பது கோடரி அன்று. காட்டுக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு மட்டுமே. பி.காம். படித்தவனுக்குக் கணக்கு எழுதும் மென்பொருள் தெரியவில்லை. ஆங்கில இலக்கியம் படித்தவனால் ஒரு விண்ணப்பக் கடிதம் எழுத இயலவில்லை. கல்லூரிக்குள்ளேயே இதைச் சரிசெய்து கொள்ள வழிகள் இருக்கின்றன. 2022 மார்ச் மாதம் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் தரப்படுகின்றன. வருகைப் பதிவுக்காக அமர்ந்துவிட்டு வருவதா, கற்றுக்கொண்டு வருவதா என்பது பிள்ளையின் கையில் இருக்கின்றது. ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வுக்குப் படிப்பவர்களில் 1,000 பேரைத் தேர்வு வைத்துத் தெரிந்தெடுத்து, மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்கள் வழங்கும் ஏற்பாடும் இதன்கீழ் 2023இல் வந்தது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் இடம் என்றே எண்ணுகின்றோம். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதைக் கூட மறந்துவிடுகின்றோம். ஆனால் அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடைபெறுகின்றது. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குச் சென்று பாருங்கள். கிராமத்துப் பிள்ளைகள் காலையிலேயே வந்து அமர்ந்து குறிப்பெடுக்கின்றார்கள். அவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தேட வேண்டியிருக்கின்றது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றில் பாதி தமிழ். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெறாவிட்டால் மறுபாதியைத் திருத்தவே மாட்டார்கள். சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் சமுதாயத்துக்குத் தமிழ் கடினம் என்று சொல்ல நமக்கு நியாயமில்லை. மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் சிலவற்றையும் 2023 முதல் தமிழில் எழுதலாம்.

அரசு வேலை ஒன்றே வேலை என்று சொல்வதற்கில்லை. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011 முதல் இயங்குகின்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களையே தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்துக் கணினித் தொழில் கற்பிக்கும் பள்ளியையும் நடத்துகின்றது. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா நிறுவனத்தின் சூரிய மின்தகடு ஆலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்து வைத்தார். அங்கே பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒழுக்கமும் பாதுகாப்பும் பேணப்படும் பணியிடமா என்பதைப் பெற்றோர் நேரில் சென்று விசாரித்து முடிவு செய்யட்டும். விசாரிக்காமலேயே வேண்டாம் என்று மறுத்துவிட்டு, பட்டம் பெற்ற மகளின் மடியில் மீண்டும் பீடித் தட்டை வைப்பது அவளுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகின்றேன். இக்கருத்தில் என்னோடு உடன்படாத பெரியவர்களும் உண்டு.

நேர்முகத் தேர்வு பற்றி ஒரு சொல். "எந்த வேலைன்னாலும் பரவாயில்லை சார்" என்பதை நம் பிள்ளைகள் பணிவு என்று நினைக்கின்றார்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டு மன்னரிடம், களஞ்சியப் பொறுப்பைத் தமக்குத் தருமாறு துறையைக் குறிப்பிட்டே கேட்டார்கள். தாம் பாதுகாக்கத் தெரிந்தவர், விவரம் அறிந்தவர் என்ற இரு தகுதிகளையும் தாமே எடுத்துரைத்தார்கள். இருக்கின்ற தகுதியை உள்ளபடி சொல்வது பெருமையடித்தல் ஆகாது. இல்லாததைத் தன்விவரக் குறிப்பில் எழுதுவது பொய். அதில் கிடைக்கும் ஊதியத்தில் பரக்கத் எப்படி இருக்கும்?

கடல் கடக்கும் முன்

தாமிரபரணிக் கரையிலிருந்து கடல் கடந்து பிழைப்பது நமக்குப் புதிதன்று. சிங்கப்பூர் சென்ற கடையநல்லூர்க்காரர்கள் 1941இல் தமக்கென்று ஒரு முஸ்லிம் லீக் அமைத்தார்கள். போர்க்காலத் துன்பமெல்லாம் கடந்து, 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். கூலி வேலைக்குப் போனவர்கள், அடுத்த தலைமுறையின் கையில் கோடரியைக் கொடுக்க எண்ணினார்கள்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கடன் தொல்லையிலிருந்த ஒரு தந்தை, மகனுக்கு வளைகுடா விசா வந்திருப்பதாகவும், படிப்பு முடிய இன்னும் ஒரு பருவமே இருப்பதாகவும் கூறி ஆலோசனை கேட்டார். "ரிஸ்கின் கதவு திறந்திருக்கிறது, அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டேன். வந்தது சுற்றுலா விசா என்பதை நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. ஏழு மாதங்களில் கையில் ஊதியமும் இல்லாமல், பட்டமும் இல்லாமல் பிள்ளை திரும்பி வந்தான். அன்றிலிருந்து, விசாவின் வகையைக் கேட்காமல் நான் எவருக்கும் பயண துஆ ஓதுவதில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பெயர்கள் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் உள்ளன. அவர்கள் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்பவர் எவராயினும், அவர் நம் உறவினரே ஆயினும், ஐயப்பட வேண்டும். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகின்றது. 2022இல், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் உள்ளிட்ட பலர், மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு துன்புறுத்தப்பட்டதைச் செய்திகளில் கண்டோம். அவர்களும் படித்த பிள்ளைகளே.

பதினைந்து நாட்கள்

நபியவர்கள் தவணை குறித்து அனுப்பினார்கள். நம் வீடுகளிலும் தவணை இருக்கட்டும். முதலாண்டு விடுமுறைக்குள் சான்றிதழ்கள். இரண்டாமாண்டில் ஏதேனும் ஒரு திறன். மூன்றாமாண்டு தொடங்கும்போதே, டி.என்.பி.எஸ்.சி. வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். அந்தத் தோழருக்கு உணவுக்கும் ஒரு திர்ஹம் ஒதுக்கப்பட்டதை மறக்கலாகாது. தந்தை நோயுற்ற வீட்டுப் பிள்ளை, கிடைத்த வேலையில் உடனே சேரத்தான் வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதியையும் மாலையில் ஒரு மணி நேரத்தையும் கோடரிக்கென்று அவன் ஒதுக்கிக் கொள்ளட்டும்.

எங்கள் மஹல்லாவில் மாதத்தின் முதல் ஜும்ஆவன்று, அஸர் முதல் மஃரிப் வரை மதரஸாக் கூடத்தில் இரண்டு பேராசிரியர்களும் ஓய்வு பெற்ற ஒரு தாசில்தாரும் அமர்கின்றார்கள். மாணவர்களின் சான்றிதழ்களைப் பார்த்து, குறை இருந்தால் எங்கே சென்று திருத்துவது என்று எழுதிக் கொடுக்கின்றார்கள். ஹவுளுக்கு அருகிலுள்ள பலகையில் அந்த மாத வேலை அறிவிப்புகளும் கடைசித் தேதிகளும் ஒட்டப்படுகின்றன. இதற்கு ஜமாஅத்துக்கு ஆகும் செலவு, நகல் எடுக்கும் காகிதமும் தேநீரும்தான். பிற ஊர் ஜமாஅத்தார்களும் இதைத் தொடங்கலாம். மாணவர்களை நகல்களோடு மட்டும் வரச் சொல்லுங்கள்; சென்ற முறை ஒரு பிள்ளை மூலச் சான்றிதழ்களையெல்லாம் ஒளூச் செய்யும் இடத்தில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். மோதினார் கண்டெடுத்து, இரவோடு இரவாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.